22 அங்குலம், நாலு பேர்

எங்களிடம் இருந்தது ஒரேயொரு போர்ட். நாங்கள் நாலு பேர். இரண்டு பெடியள், இரண்டு பெட்டையள். அதனால்தான் இந்தக் கட்டுரையையும் "நாங்கள்" என்றே எழுதுகிறோம். ஆர் முதலில் ஏறினது, ஆர் முதலில் விழுந்தது, ஆர் நாயைக் கண்டு கத்தினது என்று பிரித்துச் சொல்லக்கூடாது என்பது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். ஒரேயொரு இடத்தில் அந்த ஒப்பந்தம் உடைந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினோம்.

முதலில் சாமானைப் பற்றி. ஊரில் இதைப் பார்க்கிற ஆக்கள் எல்லாம் "ஸ்கேற்போர்ட்" என்கிறார்கள். சரிதான். ஆனால் படங்களில் பெடியள் படிக்கட்டுக் கைபிடியில் வழுக்கிக்கொண்டு போகிற அந்தப் பெரிய மரப்பலகை இல்லை இது. 22 அங்குல நீளம், 6 அங்குல அகலம், முழுக்க பிளாஸ்ரிக். பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தால் வால் மட்டும் வெளியே தெரியும். பென்னி போர்ட் என்று சொல்வார்கள். 2010 இல் அவுஸ்திரேலியாவில் பென் மக்கேய் என்பவர் தொடங்கிய கொம்பனியின் பெயர் அது. பிறகு உலகம் முழுக்க அதே அளவில் கொப்பிகள் வந்தன. எங்களுடையதும் ஒரு கொப்பிதான். அடியில் எந்தப் பெயரும் இல்லை. நிறம் நாவல்பழ ஊதா.

2018 இல், நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த பெரியம்மா குடும்பத்தின் பெட்டிக்குள், சொக்கிளேற்றுக்கும் சென்ற் போத்தலுக்கும் நடுவில் அது வந்து இறங்கியது. அங்கே தம்பி அதை விட்டு வளர்ந்துவிட்டானாம். எறியவும் மனமில்லை, எங்களிடம் தந்துவிட்டார்கள். ஒருநாள் முற்றத்து மண்ணில் வைத்து ஏறிப் பார்த்தோம். சில்லு புதைந்து நின்றது. அலுமாரிக்கு மேலே போனது. நாலு வருசம் அங்கேயே கிடந்தது.

அது கீழே இறங்கியதற்குக் காரணம் பெற்றோல் இல்லாமல் போனதுதான்.

2022 ஐ நினைவிருக்கிறதுதானே. எங்கள் உயர்தரப் பரீட்சை பிந்திப் பிந்தி அந்த வருசம் பெப்ரவரியில்தான் நடந்தது. பெறுபேறு எப்ப வரும் என்று தெரியாது. கரண்ட் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. ஜூன் கடைசியில் இரண்டு கிழமைக்கு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பெரிய ஆக்கள் ஷெட் வாசலில் வரிசையில் இருந்தார்கள். றோட்டு வெறுமையாகிப் போனது. பலாலி வீதியில் காலைமை ஏழு மணிக்கு ஒரு மாடு நடுவில் படுத்திருந்து அசைபோடுகிற காட்சியை நாங்கள் பிறந்ததற்கு அந்த வருசம்தான் கண்டோம்.

நாங்கள் நாலு பேரும் ஒரே ரியூசனில் படித்தவர்கள். ரியூசனும் முடிந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தோம். அந்த வெறும் காப்பெற் றோட்டைப் பார்த்த ஒரு பின்னேரம்தான் அலுமாரிக்கு மேலே கிடந்தது நினைவுக்கு வந்தது.

பழகியது ஒருத்தனின் வீட்டுப் போர்ட்டிக்கோவில். எந்தக் கால் முன்னுக்கு என்பதே முதல் கேள்வி. அதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது: ஆளை நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னாலிருந்து திடீரென்று தள்ள வேண்டும். விழாமல் இருக்க எந்தக் கால் முன்னுக்குப் போகிறதோ, அதுதான் போர்ட்டில் முன்கால். மூன்று பேருக்கு இடது, ஒராளுக்கு வலது. பிறகு முன்காலை ஆணிகளுக்கு மேலே வைத்து, முழங்காலை மடக்கி, பாரம் முழுவதையும் அந்த ஒரு காலில் போட்டு, மற்றக் காலால் நிலத்தை உதைக்க வேண்டும். எல்லாரும் விடுகிற பிழை பயத்தில் பின்னுக்குச் சாய்வது. சாய்ந்தால் போர்ட் முன்னால் பறக்கும், ஆள் பின்னால் இருப்பார். பயமாக இருக்கும்போது முன்னுக்குச் சாய வேண்டும் என்பதை உடம்புக்குச் சொல்லிக் கொடுக்கவே இரண்டு கிழமை போனது.

திரும்புவதற்குக் கைபிடி இல்லை. பாதத்தின் நுனியை அழுத்தினால் ஒரு பக்கம், குதியை அழுத்தினால் மற்றப் பக்கம். போர்ட்டுக்கு அடியில் இரண்டு உலோகப் பாகங்கள் இருக்கின்றன. ரக் என்று சொல்வார்கள், லொறிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒவ்வொரு ரக்கின் நடுவிலும் ஒரு தடித்த ஆணி. அதைச் சுற்றி மேலும் கீழும் இரண்டு றப்பர் குமிழ்கள். நாங்கள் சாயும்போது அந்த றப்பர் நசிந்து கொடுக்கும், சில்லுகள் வளைந்து போகும். நிமிரும்போது றப்பரே திருப்பித் தள்ளி நேராக்கிவிடும். அந்த ஆணியின் நட்டை இறுக்கினால் போர்ட் பிடிவாதமாக நேரே போகும். இளக்கினால் நினைத்த பக்கமெல்லாம் திரும்பும். இந்த நட்டை ஞாபகம் வைத்திருங்கள்.

போர்ட்டில் ஏறிய பிறகுதான் யாழ்ப்பாணத்தின் நிலம் எங்களுக்குக் காலால் தெரியவந்தது. சைக்கிளில் போகும்போது எல்லாம் றோட்டுத்தான். 59 மில்லிமீற்றர் சில்லில் போகும்போது ஒவ்வொன்றும் வேறு. கிறவல் ஒழுங்கை என்றால் இறங்கித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். கொங்கிறீற் ஒழுங்கை பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு பொருத்திலும் டக், டக் என்று பல்லில் அடிக்கும். பழைய தார் றோட்டு உள்ளங்காலைக் கிச்சுக்கிச்சு மூட்டும். காப்பெற் றோட்டு வந்தால் சத்தம் அப்படியே அடங்கிவிடும். அந்த அமைதிக்காகவே திரும்பத் திரும்பப் போனோம். மதவுக்குக் கிட்ட எப்பவும் ஒரு சின்ன ஏற்றம் இருக்கும் என்பதும், தட்டையான ஊர் என்று நாங்கள் நினைத்த இடத்தில் மழைத்தண்ணி ஓடுவதற்கு எவ்வளவு சரிவுகள் இருக்கின்றன என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எங்களைத் துரத்தாத நாய் ஒன்றும் இந்தக் குடாநாட்டில் இல்லை.

எதிரி ஒன்றுதான்: கல். ஒரு கடலைப் பருப்பளவு கல் போதும். சில்லு நிற்கும், நாங்கள் நிற்க மாட்டோம். இது எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. இந்த விளையாட்டு 1950களில் கலிபோர்னியாவில் கடலலை ஓடுகிற ஆக்களிடமிருந்து வந்தது. அலை இல்லாத நாட்களில் தெருவில் ஓடினார்கள். அப்போது சில்லுகள் இரும்பிலும் களிமண் கலவையிலும் இருந்தன. கல்லில் பட்டால் அவர்களும் பறந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வேர்தி என்ற இளைஞர் பொலியூரிதேன் சில்லைக் கொண்டுவந்தார். அது கொஞ்சம் மென்மையானது, நிலத்தைப் பிடிக்கும், சின்னக் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். செத்துக்கொண்டிருந்த விளையாட்டு அந்தச் சில்லால் திரும்ப உயிர்த்தது. எங்கள் சில்லில் 78ஏ என்று அச்சிட்டிருக்கிறது. அது கடினத்தின் அளவு. இலக்கம் கூடக் கூடச் சில்லு இறுகும். ரிக்ஸ் செய்கிறவர்கள் நூறுக்குக் கிட்ட உள்ளதைப் போடுவார்கள். ஊர் சுற்றுகிற எங்களுக்கு 78 தான் தெய்வம்.

பெறுபேறு வந்தது, பெற்றோலும் வந்தது, மாடு றோட்டை விட்டு எழும்பியது. நாங்கள் நாலு பேரும் கலைப்பீடத்துக்கு வந்து சேர்ந்தோம். பலாலி வீதியில் இனி ஓட முடியாது. அதனால் காலைமை ஐந்தரைக்குப் பண்ணைக்குப் போகத் தொடங்கினோம். கோட்டையைத் தாண்டி, வேலணைப் பக்கம் கடலுக்கு நடுவால் போகிற அந்தத் தெரு. இரண்டு பக்கமும் தண்ணி, தூரத்தில் களங்கண்டி வலைகள், ஆளில்லாத காப்பெற்.

பண்ணையில்தான் எங்கள் போர்ட் முதன்முறையாகச் செத்தது. ஒவ்வொரு சில்லுக்குள்ளும் இரண்டு பெயரிங், மொத்தம் எட்டு. உப்புக்காற்றும் மணலும் இரண்டு மாதத்தில் அதற்குள் போய், சில்லைக் கையால் சுற்றினால் கற்கள் அரைக்கிற சத்தம். ஒன்லைனில் பார்த்தால் விலை மாணவர்களுக்கானது இல்லை. திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு சைக்கிள் கடை. அந்த அண்ணையிடம் கொண்டுபோனோம்.

அவர் போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார். "உது என்ன, சின்னப் பிள்ளையள் இருந்து உருட்டுற சாமானோ?"

"இல்லை அண்ணை, நிண்டு ஓடுறது."

"நிண்டோ? ஆர்?"

"நாங்கள்தான்."

எங்கள் நாலு பேரையும் ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சில்லைக் கழற்றி, பெயரிங்கை ஸ்குறூட்றைவரால் நெம்பி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார். "இது அறுநூற்றி எட்டு. உதுக்கு ஏன் கனடா? ஹாட்வெயாரில கேளுங்கோ."

அது சரி. 608 என்பது உலகப் பொதுவான ஒரு அளவு: உள் விட்டம் 8 மில்லிமீற்றர், வெளி விட்டம் 22, தடிப்பு 7. சின்ன மோட்டர்களுக்குள்ளும் கருவிகளுக்குள்ளும் அதே பெயரிங்தான் சுற்றுகிறது. ஆனால் அன்றைக்கு அவர் புதுசு வாங்க விடவில்லை. எட்டையும் கழற்றச் சொல்லி, ஒரு ரின் மூடியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டுக் குலுக்கினார். மண்ணெண்ணெய் கறுத்தது. ஊற்றிவிட்டுத் திரும்பக் குலுக்கினார். மூன்றாம் தரம் தெளிவாக வந்தது. துணியில் உலரவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு துளி தையல் மெஷின் எண்ணெய். "கிறீஸ் போடாதேங்கோ. மணலைப் பிடிச்சு வைச்சிருக்கும்."

கழுவும்போது தொண்ணூறுகளைக் கதைத்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டர் சைக்கிளை நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியது. பற்றரிக்குத் தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டது. எங்களுக்கு அதெல்லாம் கேட்டுப் புளித்த கதைகள் என்றுதான் நினைத்திருந்தோம். கை முழுக்க மண்ணெண்ணெயோடு இருந்து கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. இல்லாத சாமானுக்காகக் காத்திருக்காமல் இருக்கிற சாமானைக் கழற்றிப் பார்க்கிற பழக்கம் இந்த ஊரில் எங்கிருந்து வந்தது என்பது அந்த வாங்கில் இருந்துதான் விளங்கியது.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கழற்றுகிற விசர் பிடித்தது. மூன்று அளவுச் சாவிகள் போதும்: ரக்கைப் பலகையோடு பூட்டிய எட்டு ஆணிகளுக்கு 3/8, சில்லுக்கு 1/2, நடு ஆணிக்கு 9/16. முதலில் மேல்பக்கம். பிளாஸ்ரிக்கில் வியர்வைக் கால் வழுக்கும். படிக்கட்டில் ஒட்டுகிற சொரசொரப்பான ரேப்பை வெட்டி ஒட்டினோம். நன்றாகத்தான் இருந்தது. வெறுங்காலோடு ஏறினால் தோல் உரியும் என்பது அடுத்த நாள் தெரிந்தது. பிறகு நிறம். ஸ்பிறே பெயின்ற் வாங்கி மஞ்சள் அடித்தோம். ஒரு கிழமையில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. இந்தப் பிளாஸ்ரிக்கில் சாதாரண பெயின்ற் பிடிக்காது. காசைச் செலவழித்துப் படித்த பாடம், நீங்கள் படிக்க வேண்டாம். றப்பர் குமிழ் ஒன்று வெடித்தபோது பழைய செருப்பை வெட்டி வட்டமாக்கிப் போட்டோம். மூன்று நாள் தாங்கியது. அந்த மூன்று நாளும் போர்ட் இடது பக்கம் மட்டும்தான் திரும்பியது.

கடைசியாக அடிப்பக்கம். ஓட்டோக்களுக்கு ஸ்ரிக்கர் வெட்டுகிற கடைக்குப் போனோம். என்ன எழுதுவது என்று அரை மணித்தியாலம் சண்டை. கடைப் பெடியன் பொறுமையிழந்து, வெட்டி மிஞ்சிக் கிடந்த ஒன்றை எடுத்து நீட்டினான். சிவப்பு எழுத்தில் "அன்னையின் ஆசி". விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் நாலு பேரின் அன்னையரிலும் இதற்கு ஆசி தந்தவர் ஒருவருமில்லை. அதிலும் இரண்டு பேருக்கு இப்படி ஒரு சாமான் இருப்பதே தெரியாது. அதையே ஒட்டினோம்.

அந்த இரண்டு பேர் ஆர் என்று சொல்லத் தேவையில்லை. பெடியள் ஓடினால் விளையாட்டு. பெட்டையள் ஓடினால் "ஆற்றை பிள்ளை?" ஒரு சொல்லும் தூசணம் இல்லை, ஒருவரும் மறிக்கவில்லை. மோட்டர் சைக்கிள் ஒன்று பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைக்கும், கொஞ்ச நேரம் கூடவே வரும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்காகத்தான் ஐந்தரை மணி. வீட்டில் "நடக்கப் போறம்" என்று சொல்லி, சுரிதார் சோலை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவோம்.

மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய "கமலி" என்ற ஆவணக் குறும்படத்தை அந்த நாட்களில் போனில் பார்த்தோம். எங்களைப் பிடித்து வைத்தது அந்தப் பிள்ளை ஓடுவதை விட, கரையில் நின்று பார்க்கிற அவளின் தாய்தான். ரோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, பெண்களுக்கான தெருப் பிரிவில் தங்கம் எடுத்த மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. எங்களுக்கு இருபதைத் தாண்டிவிட்டது, இன்னும் நடக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று சிரித்தோம்.

போன வருசம் ஆடி. சோழகம் பலமாக வீசுகிற நாட்கள். வேலணைப் பக்கம் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோகும். ஆனால் திரும்பி வரும்போது அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். உதைக்கவே தேவையில்லை. சோலை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால் பாய்மரம். அதற்காகத்தான் அந்தக் கிழமை முழுக்கப் போனோம்.

முதல் நாள் பின்னேரம் நடு ஆணியின் நட்டை இளக்கியிருந்தோம். வளைந்து வளைந்து வந்தால் வடிவாக இருக்கும் என்ற ஆசை. மெதுவாகப் போகும்போது வடிவாகத்தான் இருந்தது. ஆனால் இளகிய ரக் வேகத்தில் என்ன செய்யும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. காற்று தள்ளத் தள்ள வேகம் கூடியது. போர்ட் இரண்டு பக்கமும் நடுங்கத் தொடங்கியது. சின்ன நடுக்கம், பிறகு பெரிய நடுக்கம். அதைத் திருத்தச் சாயும் ஒவ்வொரு தரமும் அது கூடியது. கையில் விரித்துப் பிடித்த சோல். குதிக்கவும் முடியவில்லை.

இடது கை முதலில் நிலத்தில் ஊன்றியது. மணிக்கட்டு.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஓட்டோவுக்குள் வைத்துத்தான் கதையை உருவாக்கினோம். சைக்கிளில் வந்தது, மாடு குறுக்கே வந்தது, விழுந்தது. நாலு பேரும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். மாட்டின் நிறம் உட்பட முடிவு செய்தோம். போர்ட்டைப் பைக்குள் போட்டு வாலுக்கு மேலே ஜக்கெற்றைச் சுற்றினோம். பத்தர் போட்டார்கள், ஆறு கிழமை. வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். நாங்கள் கெட்டிக்காரர் என்று நினைத்தோம்.

பொய்க்கு ஒரு விலை இருக்கும் என்று தெரியும். அது எங்கே போய் விழும் என்று தெரியவில்லை. சைக்கிளில் விழுந்ததாகத்தானே சொன்னோம். வீட்டில் சைக்கிளைப் பூட்டிவிட்டார்கள். "கை சரியான பிறகும் இனிச் சைக்கிள் வேண்டாம். றோட்டு முந்தின மாதிரி இல்லை." அதுக்குப் பிறகு கம்பஸுக்கு அப்பாவின் மோட்டர் சைக்கிளில் வந்து இறங்கி, நாலு மணிக்கு வாசலில் நின்று ஏறிப் போக வேண்டும். நாலு மணிக்குப் பிறகு நூலகம் இல்லை. படம் திரையிட்டால் இல்லை. பின்னேரங்களில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்து, அந்தக் காசில்தான் போனுக்கும் புத்தகத்துக்கும் பார்த்துக்கொண்டது. அந்த வகுப்பும் இல்லை. போர்ட்டைக் காப்பாற்றச் சொன்ன பொய், சைக்கிளைத் தின்றது. போர்ட் ஒரு விளையாட்டு. சைக்கிள்தான் கால்.

நாங்கள் மற்ற மூன்று பேரும் என்ன செய்தோம்? "பாவம்" என்றோம். "கொஞ்ச நாளில சரி வரும்" என்றோம். உண்மையைச் சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று விளக்கம் சொன்னோம். ஒரு நாள் கன்ரீனில் இருந்து, "அண்டைக்கு நாங்கள் விழுந்தது" என்று ஏதோ பகிடி சொல்லத் தொடங்கினோம்.

"நாங்கள் விழேல்லை," என்றாள் அவள். "கை முறிஞ்சது எனக்கு. நட்டை இளக்கினதும் பொய் சொன்னதும்தான் நாங்கள்."

ஒப்பந்தம் உடைந்த இடம் அதுதான். அதுவரைக்கும் "நாங்கள்" என்பதை ஒரு நல்ல சொல் என்றே நினைத்திருந்தோம். எல்லாரும் சேர்ந்து விழுந்தால் நோ குறையும் என்கிற மாதிரி. ஆனால் அவளின் சைக்கிள் பூட்டிக் கிடந்தபோது எங்கள் மூன்று பேரின் சைக்கிளும் கம்பஸ் வாசலில்தான் நின்றன.

அதே கிழமை, சைக்கிளைச் சித்தியின் மகளுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். சனிக்கிழமை வந்து எடுப்பார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு பேரும் அவளின் வீட்டுக்குப் போனோம். போர்ட் பைக்குள்.

அன்ரி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். ஆறும் வரைக்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அவள்தான் தொடங்கினாள். மாடு வரவில்லை என்பதிலிருந்து. இடையில் நாங்களும் சேர்ந்து சொன்னோம். நட்டைச் சொன்னோம். ஓட்டோவுக்குள் கதை கட்டினதைச் சொன்னோம். அன்ரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று காத்திருந்தோம். ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

"எங்க அந்தச் சாமான்?"

எடுத்துக் கொடுத்தோம். மடியில் வைத்து ஒரு சில்லை விரலால் தட்டினார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திருப்பினார். சிவப்பு எழுத்து. நாங்கள் அதை முழுக்க மறந்துபோயிருந்தோம்.

"ஆற்றை ஆசி?" என்று கேட்டார்.

நிலத்தைப் பார்த்தோம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா விட்டிருப்பியளோ அம்மா?"

அன்ரி கொஞ்சம் யோசித்தார். "விட்டிருக்க மாட்டன்," என்றார். அந்த நேரத்தில் அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு, ஆருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னார். அவர் சைக்கிள் பழகினதும் ஒளித்துத்தானாம். தகப்பனின் பெரிய சைக்கிள். சீற்றில் ஏற எட்டாது, பாருக்குக் கீழால் காலை விட்டு மிதித்து. விழுந்து நாடியில் ஏற்பட்ட காயத்துக்கு கிணற்றடியில் வழுக்கினது என்று சொன்னாராம். "தொண்ணூற்றைஞ்சில ஊர் எழும்பி ஓடேக்க அந்தச் சைக்கிள்லதான் அம்மம்மாவின்ர உடுப்பு மூட்டையைக் கட்டித் தென்மராட்சிக்குக் கொண்டுபோனன். ஓடத் தெரியாட்டி விட்டிட்டுத்தான் போயிருப்பம்." தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை சித்தி வந்தார். சைக்கிள் போகவில்லை. பத்தர் கழற்றி இரண்டு கிழமைக்குப் பிறகு திறப்பு மேசையில் இருந்ததாம். அப்பா இப்பவும் எங்களோடு, முக்கியமாகப் பெடியளோடு, கதைப்பதில்லை. வாசலில் கண்டால் பேப்பரை உயர்த்திப் பிடிப்பார். அது நியாயம்தான். போர்ட்டைப் பற்றி அன்ரி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "முதல்ல கை சரியாகட்டும்" என்றார். கை சரியான பிறகு, "தலைக்கு ஒண்டும் போடாமலோ ஓடுறனியள்?" என்றார். அதற்கு மேலே ஒன்றும் கேட்க நாங்கள் துணியவில்லை. சைக்கிள் ஹெல்மெற் ஒன்றும், மணிக்கட்டுக்குப் போடுகிற காப்பு ஒரு சோடியும் காசு சேர்த்து வாங்கினோம். இரண்டும் பொது. ஏறுகிற ஆள் போட வேண்டும்.

இப்போது விழவும் பழகுகிறோம். புல்லில் வைத்து. கையை ஊன்றக்கூடாது, முழங்கையை மடக்கித் தோளால் உருள வேண்டும். சொல்வது சுகம், உடம்பு கேட்க நாள் எடுக்கும். நடுங்கத் தொடங்கினால் நிமிரக்கூடாது, முன்காலில் பாரத்தைப் போட்டுக் குனிய வேண்டும். சோழக நாட்களில் சோல் விரிப்பதில்லை. ஆரும் தொடங்க யோசித்தால் முதல் காசைச் சில்லிலோ ஸ்ரிக்கரிலோ போடாதீர்கள், தலைக்குப் போடுங்கள். தொடங்குகிற இடம் மண் இல்லாத ஒரு சீமெந்துத் தளமாக இருக்கட்டும்.

நட்டுக்கும் ஒரு வழி செய்தோம். சரியான இறுக்கத்தில் வைத்துவிட்டு, நட்டிலிருந்து ஆணிக்குக் குறுக்காக நகப்பூச்சால் ஒரு கோடு. கோடு முறிந்திருந்தால் ஆரோ இளக்கியிருக்கிறார்கள், அல்லது தானாக இளகியிருக்கிறது என்று அர்த்தம். அந்த யோசனை அவளுடையது, நகப்பூச்சும் அவளுடையது. ஒவ்வொருவரும் ஏற முதல் போர்ட்டைத் திருப்பிக் கோட்டைப் பார்க்க வேண்டும். திருப்பினால் அந்தச் சிவப்பு எழுத்தும் தெரியும். ஒரு "ஆ" உரிந்து போய்விட்டது. புதுசு ஒட்டவில்லை.

இந்தக் கட்டுரையை அவளிடம் வாசிக்கக் கொடுத்தோம். "நாங்கள்" என்று எழுதலாமா என்று கேட்டோம். இரண்டு இடத்தில் வெட்டினாள், ஒரு இடத்தில் சேர்த்தாள். "இப்ப சரி, போடுங்கோ," என்றாள். நாளைக்கு ஐந்தரைக்குப் பண்ணை. முதல் முறை அவளுடையது.